நாயகன் திரும்பி வராதபோது: காமிக்ஸில் நிகழும் மரணமும் வாசகரின் துக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபி, பெருந்துறை, காங்கேயம் பக்கத்தில் காமிக்ஸ் படிக்கும் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், ராணி காமிக்ஸ் காலத்துப் பழைய வாசகர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போனாலும் இந்தப் பேச்சு எப்படியாவது வந்துவிடும். நாயகன் சாகிற கதைகளைப் பற்றிப் பேசும்போது முடிவை மறைத்துப் பேச முடியாது. அதனால் பல கதைகளின் முடிவுகள் இங்கே அப்படியே இருக்கின்றன.

ஏனுங்க, ஏதோ பொம்மைப் புஸ்தகத்துல ஒருத்தன் செத்துட்டான்னு எம்பட பையன் ரெண்டு நாளா வெசனத்துல கெடக்கறான். இது இயல்புதானுங்களா?

இயல்புதானுங்க. பயப்பட வேண்டாம், அதட்டவும் வேண்டாம்.

ஒரே ஆளின் கதையை வருடக்கணக்காகப் படிக்கிற பிள்ளை அந்த ஆளோடு எவ்வளவு நேரம் கழித்திருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளைக்கூட ஏதாவது விசேஷம் வந்தால்தான் பார்க்கிறான். ஸ்பைடர்மேன் முகமூடிக்குள் இருக்கும் பீட்டர் பார்க்கர் வாடகைக்குப் பணமில்லாமல் தவிப்பதையும், அத்தைக்கு உடம்புக்கு முடியாதபோது பதறி ஓடுவதையும் மாதம் தவறாமல் பார்க்கிறான். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வருகிறவர்களோடு நேயர்களுக்கு உண்டாகும் ஒருபக்க உறவைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956இல் எழுதினார்கள். அந்தப் பக்கமிருந்து பதில் வராது. ஆனாலும் இந்தப் பக்கத்துப் பாசம் உண்மையானது. கதைப் பாத்திரங்களுக்கும் அது பொருந்தும்.

துக்கத்தைவிட, வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்ற கூச்சம்தான் பிள்ளைகளை அதிகம் வாட்டுகிறது. ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கத்தைப் பற்றிக் கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989இல் விரிவாக எழுதினார். நம்மிடம் எழவு என்றால் ஒறம்பரை முழுக்க வந்து உட்காருகிறது. அப்படி யாரும் வந்து உட்காராத துக்கங்களும் உண்டு. வளர்த்த நாய் செத்தால் யாரும் வருவதில்லை. உங்கள் பையனுடைய துக்கமும் அந்த வகைதான். "யாரு கண்ணு செத்தது, எப்படிச் செத்தாங்க?" என்று கேளுங்கள். ஆரம்பித்தால் நிறுத்தாமல் சொல்வான். கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

சூப்பர்ஹீரோ எப்படியும் திரும்பி வந்துருவாங்களே, பொறவு எதுக்கு அழுகை?

பெரும்பாலும் வந்துவிடுகிறார்கள், உண்மைதான். எக்ஸ்-மென் குழுவின் ஜீன் கிரே 1980இல் இறந்து 1986இல் திரும்பினாள். 1992 நவம்பரில் இறந்த சூப்பர்மேன் மறு வருடமே வந்துவிட்டார். ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவின் ஜானி ஸ்டார்ம் இறந்ததும் திரும்பியதும் 2011 என்ற ஒரே வருடத்துக்குள். இந்தப் பாத்திரங்கள் நிறுவனங்களின் சொத்து. எழுதுகிறவர் வருவார், போவார். பாத்திரம் மாதாமாதம் விற்றாக வேண்டும்.

ஆனால் அந்த இதழைக் கையில் வைத்திருக்கும் வாசகருக்கு இது எதுவும் தெரியாது. பாரி ஆலன் என்ற ஃப்ளாஷ் 1985இல் உலகத்தைக் காப்பாற்ற ஓடி ஓடியே உடல் கரைந்து போனார். அவர் திரும்பி வந்தது 2008இல். நடுவே 23 வருடம். அன்று பத்து வயதில் அழுத பிள்ளைக்கு, அவர் திரும்பும்போது அந்த வயதில் ஒரு பிள்ளை இருந்திருக்கலாம். அந்த 23 வருடமும் அது நிரந்தர மரணம்தான். பின்னால் என்ன நடந்தாலும் அந்த வருடங்களில் பட்ட துக்கத்தை யாரும் பொய் என்று சொல்ல முடியாது.

திரும்பாதவர்களும் உண்டு. பீட்டரின் பெரியப்பா பென் 1962 ஆகஸ்ட் தேதியிட்ட இதழில், ஸ்பைடர்மேனின் முதல் கதையிலேயே இறந்தார். இன்றுவரை அவர் இறந்தவர்தான். அவர் திரும்பினால் ஸ்பைடர்மேன் என்ற கதையே இல்லாமல் போகும். பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசியும் பல பத்தாண்டுகள் அப்படித்தான். அவளுடைய நகல்கள் வந்தார்கள், வேறு பிரபஞ்சத்து க்வென் 2014இல் முகமூடி போட்டு வந்தாள். பாலத்திலிருந்து விழுந்த அந்தப் பெண் மட்டும் வெகு காலம் வரவில்லை.

க்வென் ஸ்டேசி சூப்பர்ஹீரோவே இல்லையே. அவ சாவைப் பத்தி மட்டும் ஏன் இத்தனை பேச்சு?

எனக்குப் பேச அலுக்காத கதை இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஸ்பைடர்மேன் தொடரில் 1973 ஜூன் தேதியிட்ட 121ஆம் இதழ். எழுதியவர் ஜெர்ரி கான்வே, வரைந்தவர் கில் கேன். க்வென் 1965லிருந்தே கதையில் இருந்தவள், பீட்டரின் காதலி. ஸ்பைடர்மேனின் எதிரி கிரீன் காப்ளின் அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் வலையை வீசுகிறார், வலை அவள் காலைப் பிடித்துவிடுகிறது. மேலே இழுக்கும்போது காப்பாற்றிவிட்ட பெருமையில் அவளிடம் பேசிக்கொண்டே இழுக்கிறார். அவள் பதில் பேசவில்லை. கதையின் தலைப்பு முதல் பக்கத்தில் இல்லை. கடைசிப் பக்கத்தில்தான் அச்சிட்டிருந்தார்கள், ஏனென்றால் தலைப்பே அவள் சாவைச் சொல்லிவிடும்.

அதுவரை சூப்பர்ஹீரோ கதையில் எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது: நாயகன் கை நீட்டினால் காதலி பிழைத்துவிடுவாள். அந்த ஒப்பந்தம் அந்தப் பக்கத்தில் முறிந்தது. காமிக்ஸின் ஒரு காலகட்டமே அந்த இதழோடு முடிந்ததாக வரலாறு எழுதுகிறவர்கள் பலரும் சொல்வது அதனால்தான்.

ஆனால் என்னை அதிகம் உலுக்கியது அடுத்த இதழ். 122ஆம் இதழின் கடைசிப் பக்கத்தில் பீட்டர் வீட்டுக்கு வருகிறான். மேரி ஜேன் அங்கே இருக்கிறாள். ஆட்டம் பாட்டம் கொண்டாட்டம் என்று திரிந்த பெண், சோகம் என்றால் காத தூரம் ஓடுகிறவள். "உனக்கு யார் செத்தாலும் கவலையில்லை, உன் அம்மாவே செத்தாலும் வருத்தப்பட மாட்டாய், போய்விடு" என்ற பொருள்பட பீட்டர் கத்துகிறான். அவள் கதவு வரைக்கும் போகிறாள். கதவைத் திறக்கிறாள். பிறகு உள்ளே இருந்தபடியே கதவைச் சாத்துகிறாள். அவ்வளவுதான், பேச்சே கிடையாது.

நம் பக்கம் எழவுக்குப் போகிற பெரியவர்களைக் கவனித்திருப்பீர்கள். ஆறுதல் வார்த்தை என்று பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டார்கள். துண்டை விரித்துத் திண்ணையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார்கள். மேரி ஜேன் செய்தது அதைத்தான். ஒரு மரணத்தைக் காட்டுவது எளிது, அதற்கப்புறம் மிச்சமிருப்பவர்களோடு தங்குவதுதான் கடினம். அந்தக் கதை தங்கியது. வாசகர் மனதில் அந்த மரணம் நின்றதற்குக் காரணம் கழுத்து முறிந்த அந்தச் சத்தத்தைவிட இந்தச் சாத்தின கதவுதான் என்பது என் எண்ணம்.

வலையை வீசாம இருந்திருந்தா அவ பொழச்சிருப்பாளா? எங்க காலேஜ்ல இதுக்கு ஒரு சண்டையே நடந்துச்சு.

பிழைத்திருக்க மாட்டாள். கீழே ஆற்று நீரில் அந்த வேகத்தில் விழுந்திருந்தாலும் சாவுதான். ஆனால் வலை சட்டென்று நிறுத்தியதால் கழுத்து முறிந்துதான் இறந்தாள் என்பதைப் பதிப்பாசிரியர்களே பின்னால் வாசகர் கடிதப் பகுதியில் ஒப்புக்கொண்டார்கள். மினசோட்டா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் ககாலியோஸ் இந்தக் காட்சியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டு விளக்கியிருக்கிறார்: விழுகிறவரை நிறுத்துவதற்கு எடுக்கும் நேரம் குறையக் குறைய உடம்பின் மேல் விழும் விசை கூடும்.

வாசகரை வாட்டுவது அந்த விசைதான் என்று நினைக்கிறேன். காப்பாற்ற நீட்டிய கையே காரணமாகிவிட்டது என்ற எண்ணம். "முன்னாடியே கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா..." என்று வருடக்கணக்காக மனதுக்குள் புலம்புகிறவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

சண்டையில சாகாம நோயில செத்த சூப்பர்ஹீரோ உண்டுங்களா?

உண்டுங்க. கேப்டன் மார்வெல். திரைப்படத்தில் வரும் பெண் பாத்திரத்துக்கு முன்னால் அந்தப் பெயரை வைத்திருந்த மார்-வெல் என்ற வேற்றுக்கிரக வீரர். 1982இல் ஜிம் ஸ்டார்லின் எழுதி வரைந்த தனிநூலில் அவர் புற்றுநோயால் இறக்கிறார். முன்பு ஒரு சண்டையில் சுவாசித்த நச்சு வாயுதான் காரணம். ஸ்டார்லின் தம் தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வலி நூல் முழுக்கத் தெரியும்.

இந்தக் கதையில் அடிக்க ஆள் இல்லை. உலகத்தையே காப்பாற்றிய வீரர்கள் எல்லோரும் ஒரு கட்டிலைச் சுற்றிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். நண்பன் ரிக் ஜோன்ஸ் கோபத்தில் வெடிக்கிறான்: இத்தனை விஞ்ஞானிகள் இருக்கிறீர்களே, இதற்கு ஏன் இதுவரை மருந்து தேடவில்லை என்று. அவர்களிடம் பதில் இல்லை. காலமெல்லாம் மார்-வெல் எதிர்த்துப் போரிட்ட ஸ்க்ரல் இனத்திலிருந்து ஒரு தளபதி வந்து, மதிப்பு மிக்க எதிரிக்குப் பதக்கம் அணிவித்துவிட்டுப் போகிறார். பகையாளியும் எழவுக்கு வந்து தலை குனிந்து நிற்கும் அந்தப் பக்கத்தை நம்மூர்க்காரர் யாரும் சுலபமாகப் புரட்டிவிட முடியாது.

வீட்டில் யாரையாவது இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர்கள் நேரம் பார்த்துப் படியுங்கள். நல்ல புத்தகம், ஆனால் கனமானது.

வாசகர்களே ஓட்டுப்போட்டு ஒரு பையனைக் கொன்னாங்கன்னு சொல்றாங்களே, நெசமா?

நிஜம். 1988இல் பேட்மேனின் துணைவன் ராபினாக இருந்தவன் ஜேசன் டாட் என்ற சிறுவன். பேட்மேனின் எதிரி ஜோக்கரிடம் அடிபட்டு, குண்டுவெடிப்பில் சிக்குகிறான். அவன் பிழைக்கலாமா சாகலாமா என்று இரண்டு தொலைபேசி எண்களை அச்சிட்டு வாசகர்களைக் கேட்டார்கள். ஓர் அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343 பேரும், பிழைக்கட்டும் என்று 5,271 பேரும் வாக்களித்ததாகக் கணக்கு வந்தது. வித்தியாசம் 72 மட்டுமே.

இதை நான் வெறுக்கிறேன், வெளிப்படையாகவே சொல்கிறேன். துக்கம் என்பது நம் கையில் இல்லாத ஒன்று நம்மிடமிருந்து போகும்போது வருவது. அதை வாக்குச்சீட்டாக்கினால் ஒரு பாதி வாசகருக்குக் குற்றவுணர்ச்சி, மறு பாதிக்கு ஆத்திரம், யாருக்கும் அழ இடமில்லை. ஆனாலும் அதற்குப் பின் வந்த பேட்மேன் கதைகளில், குகைக்குள் கண்ணாடிப் பெட்டியில் தொங்கும் அந்தப் பையனின் உடுப்பு வரும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும். ஜேசன் 2005இல் திரும்பி வந்தான், தன்னைக் கொன்றவனை ஏன் உயிரோடு விட்டாய் என்று வளர்த்தவரிடமே கேட்கிற கோபக்காரனாக. அந்தக் கேள்விக்காகவாவது அந்த வரவு தகும்.

சூப்பர்மேன் சாவு வெறும் வியாபாரம்தானே?

வியாபாரமும்தான். 1992 நவம்பர் 18 அன்று வந்த அந்த 75ஆம் இதழைக் கறுப்பு உறையில் போட்டு, கையில் கட்டிக்கொள்ளக் கறுப்புப் பட்டையும் வைத்து விற்றார்கள். 60 லட்சத்துக்கும் மேல் விற்றது. பின்னால் விலை ஏறும் என்று பிரிக்காமலே பூட்டி வைத்தவர்கள் ஏராளம்.

ஆனால் அதற்கப்புறம் வந்த இறுதிச்சடங்குக் கதைகளைப் படித்தவர்கள் வேறு மாதிரி பேசுவார்கள். மெட்ரோபொலிஸ் நகரமே திரண்டு ஊர்வலம் போகிறது. அவரை வளர்த்த ஜோனாதனும் மார்த்தாவும் தொலைதூரக் கிராமத்து வீட்டில் உட்கார்ந்து, பெற்ற பிள்ளைக்கு மேலாக வளர்த்தவனின் சவ ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். போக முடியாது. போனால் அவன் யார் என்பது தெரிந்துவிடும். ஊரே அழுகிறது, தாய் தகப்பனுக்கு மட்டும் வெளியே அழ உரிமையில்லை. அந்த வெசனத்திலேயே ஜோனாதனுக்கு மாரடைப்பு வருகிறது. காட்டையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு ஊரோடு கிடக்கும் ஒரு விவசாயத் தம்பதி, தூரத்தில் இருக்கிற மகனை இப்படி இழப்பதைப் படித்தால், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் நம்மூர்ப் பெற்றோருக்குத் தொண்டை அடைக்கும்.

செத்தவங்க திரும்பி வந்தா சந்தோசப்படத்தானே வேணும்? எனக்கு ஏனோ கோவந்தான் வருது.

உங்கள் கோபம் சரியானது. நாம் அழுது முடித்து, ஒருவாறு தேறி, அந்த இடம் காலியாக இருப்பதற்குப் பழகியிருப்போம். ஒரு நாள் காரணமே இல்லாமல் அவர் வந்து நிற்கிறார், கதையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. அப்போது நம் கண்ணீரை யாரோ தட்டிவிட்டது போலிருக்கும். கோபம் அவர் வந்ததற்காக வருவதில்லை. நாம் துக்கப்பட்டதைக் கதை மறந்துவிட்டதற்காக வருகிறது.

மறக்காத வரவுகளும் உண்டு. கேப்டன் அமெரிக்காவின் இளம் தோழன் பக்கி இரண்டாம் உலகப் போரில் இறந்தவன் என்று 1964இல் சொன்னார்கள். நாற்பது வருடத்துக்கும் மேலாக அவன் திரும்பவில்லை. 2005இல் எட் ப்ரூபேக்கர் அவனைக் கொண்டுவந்தபோது, நினைவு அழிக்கப்பட்டு, எதிரிகளுக்காகக் கொலை செய்யப் பழக்கப்பட்டவனாக வந்தான். பழைய பக்கி திரும்பவேயில்லை. மரணம் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் ஆளைக் கொடுத்தது. அதனால்தான் அந்தக் கதையை வாசகர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

இதெல்லாம் அமெரிக்காக்காரங்க கதை. நம்ம பக்கம் கதையில செத்தவனுக்கு யாராச்சும் இப்படி அழுவாங்களா?

அழுவார்கள். நம்மைப் போல் அழுகிறவர்கள் குறைவு.

அண்ணன்மார் சாமி கதையை நினைத்துப் பாருங்கள். பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள். கொங்கு முழுக்க இந்தக் கதையை உடுக்கடிப் பாட்டாக இரவு இரவாகப் பாடுவார்கள். கொம்பன் பன்றியைக் குத்தும் இடத்தில் கூட்டம் துள்ளும். அண்ணன்மார் படுகளத்தில் விழுகிற இரவில் அதே கூட்டம் தேம்பும். கதை எல்லோருக்கும் தெரியும். முடிவு அய்யன் காலத்திலிருந்தே தெரியும். தெரிந்தே போய் உட்கார்ந்து, தெரிந்தே அழுவார்கள். "திரும்பி வந்துருவாங்க" என்ற நம்பிக்கை ஒரு துளியும் இல்லாமல் அழுவார்கள்.

கதை படுகளத்தோடு முடிவதில்லை என்பதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். தங்காள் அண்ணன்மாரைத் தேடிக் காட்டில் அலைகிறாள். கண்டுபிடித்து, தெய்வ அருளால் எழுப்புகிறாள். எழுந்தவர்கள் தங்கையோடு கொஞ்சம் பேசுகிறார்கள், எங்கள் காலம் முடிந்துவிட்டது அம்மா என்று மறுபடி சாய்ந்துவிடுகிறார்கள். மாண்டவர் மீள்வதை அமெரிக்க காமிக்ஸுக்கு வெகு காலம் முன்பே நம் பாட்டுக்காரர்கள் பாடிவிட்டார்கள். எதற்காக மீட்டார்கள் என்று பாருங்கள். கதையை நீட்டிக்கொண்டு போவதற்காக இல்லை. தங்கைக்கு ஒரு பேச்சு பாக்கியிருந்தது, அதற்காக மட்டும்.

மணப்பாறைப் பக்கத்து வீரப்பூரில் மாசித் திருவிழாவில் படுகளம் நடக்கும். கொங்கிலிருந்து வண்டி கட்டிப் போவார்கள். நம் ஊர்க் கோயில்கள் சிலவற்றிலும் உண்டு. சாமி வந்து ஆண்கள் பிணமாக விழுவார்கள், வெள்ளைத் துணி போர்த்துவார்கள், தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். விழுந்து எழுகிறவர்கள் நம் சனங்கள். பொன்னரும் சங்கரும் எழுவதில்லை. பெரிய காமிக்ஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: நாயகனை எழுப்பிவிடுகிறார்கள், அழுதவரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். படுகளத்தில் அழுதவர்தான் எழுந்து வீட்டுக்குப் போகிறார். நாயகனின் மரணம் நிலையாக இருப்பதால்தான் அது முடிகிறது. அடுத்த வருடம் எங்கே போய் அழலாம் என்று ஓர் இடம் மாறாமல் இருக்கிறது.

கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி இந்தப் பாட்டைப் பதிவு செய்தார். பிற்காலத்தில் அதே கதையை 26 பகுதி அசைவூட்டத் தொடராகவும் படக்கதையாகவும் கொண்டுவந்தார். ஆகவே பொன்னரும் சங்கரும் காமிக்ஸ் கட்டத்துக்குள்ளும் மாண்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

எங்க காலத்து முகமூடி வீரர் மாயாவி சாகவே மாட்டாருங்களே. அது ஒரு நிம்மதி.

ராணி காமிக்ஸில் மாயாவி என்று நாம் படித்தவர் லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய ஃபான்டம். சாகாதவர் என்று காட்டுவாசிகள் நம்புவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அவரைப் போல் செத்தவர் யாரும் இல்லை. அப்பன் சாகும்போது மகன் முகமூடியை அணிகிறான். நாம் படித்தவர் 21ஆவது ஆள். மண்டையோட்டுக் குகைக்குள் அவருடைய முன்னோர் வரிசையாக அடக்கமாகியிருக்கிறார்கள். ஒவ்வொரு மரணமும் நிரந்தரம், பெயர் மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. சிறு வயதில் அந்தக் குகைப் படத்தை வேகமாகக் கடந்திருப்போம். இப்போது ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

முகமூடியை இன்னொருவர் ஏற்பது துக்கத்தை ஆற்றுமா என்றும் கேட்கிறார்கள். நேர்மையாக எழுதினால் ஆற்றும். ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் நிறுவனத்தின் இன்னொரு பிரபஞ்சத்துப் பீட்டர் பார்க்கர் 2011இல் தன் வீட்டு வாசலில் அத்தையின் கண்முன்னே இறக்கிறான். பெரியப்பாவைக் காப்பாற்ற முடியவில்லை, உங்களைக் காப்பாற்றிவிட்டேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுக் கண் மூடுகிறான். சில வாரங்களில் மைல்ஸ் மொராலஸ் என்ற சிறுவன் அதே உடுப்பில் வருகிறான். நான் முன்பே வந்திருந்தால் அவரைக் காப்பாற்றியிருக்கலாமே என்ற உறுத்தலோடு வருகிறான். வாசகனின் துக்கமும் புது நாயகனின் துக்கமும் ஒன்றாக இருந்ததால் அந்தப் பையனை வெகு பேர் தம் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புச்சி எறந்தப்ப எம்புள்ள ஒரு சொட்டுக் கண்ணீர் விடலீங்க. இப்ப இந்தப் புஸ்தகத்தைப் படிச்சுட்டு விக்கி விக்கி அழுவுது. கல்நெஞ்சா போயிருச்சோன்னு பயமா இருக்குதுங்க.

கல்நெஞ்சு இல்லீங்க. அப்புச்சிக்காகவும்தான் அழுகிறது.

எழவு நடக்கிற அன்று பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடுவோம். பறைச் சத்தம், பெரியவர்களின் ஒப்பாரி, பந்தல், ஆள் கூட்டம். அம்மாவே உடைந்து கிடக்கும்போது பிள்ளை அழுவதற்குப் பயப்படும். மரணம் என்றால் திரும்பாது என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் தெளிவாகப் புரிகிறது. புரிந்தபின்னும் அதை அழுது தீர்க்க நேரம் பிடிக்கும். புத்தகம் தனிமையில் படிப்பது. யாரும் பார்க்கவில்லை, பக்கத்தை மூடினால் நின்றுவிடும், வேண்டும்போது மறுபடி திறக்கலாம். அந்தப் பாதுகாப்பில்தான் உள்ளே தேங்கியது வெளியே வருகிறது.

"அப்புச்சி ஞாபகம் வருதா சாமி?" என்று ஒரு முறை கேளுங்கள். ஆமாம் என்றால் அவரைப் பற்றிப் பேசுங்கள். அவர் சைக்கிளில் உட்கார வைத்துச் சந்தைக்குக் கூட்டிப்போனது, மடியில் வைத்திருந்து கொடுத்த கடலை மிட்டாய், எதுவானாலும். இல்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

வாரக்கணக்கில் சோறு தண்ணி சரியாக இறங்காமல், தூக்கம் கெட்டு, பள்ளிக்கூடம் போக மறுத்தால், செத்துப்போவதைப் பற்றித் தன்னைச் சேர்த்தே பேசினால் தாமதிக்காதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

"அழாதே, அடுத்த புஸ்தகத்துல வந்துருவான்"னு சொல்லலாங்களா?

வேண்டாம். வந்தாலும் வராவிட்டாலும் அது இப்போதைய அழுகைக்கு மருந்தில்லை. அப்புச்சி விஷயத்தில் இதே வார்த்தையைச் சொல்ல முடியாது என்பதும் பிள்ளைக்குத் தெரியும். "ஆமா கண்ணு, செத்துட்டான். உனக்கு ரொம்பப் புடிச்சவன் இல்ல?" என்று சொன்னாலே போதும்.

இந்த மாதிரிக் கதைகளை எந்த வயசுல, எதுலிருந்து ஆரம்பிக்கலாம்?

பத்து வயதுக்குக் கீழே என்றால் மாயாவி கதைகள் போதும். மரணம் அங்கே இருக்கிறது, ஆனால் குகைக்குள் அமைதியாக இருக்கிறது. பத்து பன்னிரண்டு வயதில் ஸ்பைடர்மேனின் 121, 122 இதழ்களைக் கொடுக்கலாம். இரண்டையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். முதல் இதழை மட்டும் கொடுத்தால் பிள்ளை மரணத்தோடு தனியாக நின்றுவிடும். சூப்பர்மேனைப் படிக்கிறவர்கள் 75ஆம் இதழோடு நிறுத்தாமல் இறுதிச்சடங்குக் கதைகளையும் படிக்க வேண்டும். மார்-வெல் கதை பதினான்குக்கு மேல். ஜேசன் டாட் கதையில் சிறுவனை இரும்புக் கம்பியால் அடிக்கும் காட்சி கொடூரமாக இருக்கும். பதினாறுக்கு மேல் போதும், அதுவும் நீங்கள் முதலில் படித்துவிட்டு.

இவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத் தொகுப்புகளாகவே கிடைக்கின்றன. கோவையில் பெரிய புத்தகக் கடைகளிலும் ஈரோடு திருவிழாவில் ஆங்கில நூல் அரங்குகளிலும் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொங்குத் தமிழில் கதை சொல்லிக்கொண்டே பக்கம் புரட்டினால் நன்றாகவே புரியும். அண்ணன்மார் கதைக்குப் புத்தகம் தேட வேண்டியதில்லை. பக்கத்து ஊரில் உடுக்கடிப் பாட்டு நடக்கிற இரவை விசாரித்து, ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு பிள்ளையைக் கூட்டிப் போங்கள்.